26 வருடம் ‘தி ஹிந்து’ வாங்கியவனின் அனுபவம்

போன வாரம் அக்கா மகன் போன் செய்தான். சட்டம் படிக்கச் சென்னை வந்து திருவல்லிக்கேணியில் அறை எடுத்திருக்கிறான். “மாமா, நீங்க ரொம்ப வருஷமா ஹிந்து வாங்குறீங்களே, நானும் பேப்பர் போடச் சொல்லட்டுமா? இல்ல போன்லயே படிச்சுக்கட்டுமா?” என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அன்று காலையும் பேப்பரோடு வர வேண்டிய இணைப்பிதழ் இல்லாமல்தான் பேப்பர் வந்திருந்தது.

அந்தப் பேப்பர் தொடங்கிய கதையே அவனுக்காகச் சொன்னது போல இருக்கும். 1878ல் டி. முத்துசுவாமி ஐயரை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமித்தபோது, ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் ஓர் இந்தியருக்கு இந்தப் பதவியா என்று எழுதின. அதற்குப் பதில் சொல்லத் திருவல்லிக்கேணி இளைஞர்கள் ஆறு பேர் கிளம்பினார்கள். ஜி. சுப்பிரமணிய ஐயரும் வீரராகவாச்சாரியாரும் ஆசிரியர்கள், மற்ற நால்வரும் சட்ட மாணவர்கள். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி 80 பிரதி அடித்தார்கள். வாரப் பத்திரிகையாகத் தொடங்கி 1889ல் நாளிதழானது. முத்துசுவாமி ஐயரின் சிலை உயர் நீதிமன்றத்துக்குள் இருக்கிறது. அவன் ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும்.

நான் வாங்கத் தொடங்கியது 1999 கடைசியில். அந்தச் சமயத்தில்தான் திங்கட்கிழமை இணைப்பில் பத்திரிகையாளரும் சென்னை வரலாற்றாளருமான எஸ். முத்தையா சென்னையைப் பற்றி எழுத ஆரம்பித்தார். செய்தி, தலையங்கம், கிரிக்கெட் எல்லாம் அப்புறம்தான், முதலில் அந்தப் பக்கம். காலேஜ் ரோட்டில் டிபிஐ (பள்ளிக் கல்வித் துறை அலுவலக) வளாகத்துக்குள் 1812ல் தொடங்கிய மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி என்று ஒரு நூலகம் இருப்பது, அந்த ரோட்டில் தினம் பஸ்ஸில் போன எனக்குத் தெரியாது. படித்த வாரமே போனேன். உச்சிவரை புத்தக அலமாரி. மியூசிக் அகாடமி, 1927ல் இங்கே நடந்த காங்கிரஸ் மாநாட்டோடு சேர்ந்த இசை மாநாட்டிலிருந்து பிறந்தது என்பதையும் இதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பிழைப்புக்காக வந்த ஊர் எனக்குச் சொந்த ஊரானது அந்தத் திங்கட்கிழமைகளால்தான். 2019 ஏப்ரலில் அவர் காலமானார். அடுத்து வந்த திங்கட்கிழமை பேப்பரைப் பிரிக்கவே மனம் வரவில்லை.

அந்தப் பக்கத்தைத்தான் மாதத்துக்கு ஒரு முறையாவது பறிகொடுத்தேன். பேப்பர் தனிக் கட்டு, இணைப்பு தனிக் கட்டு. விடியற்காலையில் தெருமுனையில் உட்கார்ந்து கையால்தான் செருகுகிறார்கள். கடைசி ஐந்தாறு பேப்பருக்கு இணைப்பு பற்றாமல் போகும், அதில் ஒன்று எங்கள் வீட்டுக்கு. துணிக்கடை நோட்டீஸ் மட்டும் தவறாமல் இருக்கும். ஏஜென்டைக் கேட்டால் “நாளைக்குத் தரேன் சார்.” அந்த நாளை வந்ததே இல்லை. விட்டுப்போனதைப் படிக்கக் கன்னிமாரா நூலகத்துக்கு நடந்திருக்கிறேன். நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் பத்திரிகைக்கும் ஒரு பிரதி அங்கே வர வேண்டும் என்று சட்டம் இருப்பது எனக்கு அப்படித்தான் உதவியது.

ஏஜென்டின் பக்கமும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் 2, தெருவில் முழங்கால் தண்ணீர். பேப்பர் வரவில்லை. எதிரே நனைந்துகொண்டு வந்தவரிடம் கத்திவிட்டேன். “பேப்பரே அடிக்கல சார்” என்றார், நம்பவில்லை. பிறகுதான் தெரிந்தது, மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச்சேர முடியவில்லை. 1878க்குப் பிறகு சென்னைப் பதிப்பு வெளிவராமல் போனது அதுவே முதல் தடவை. அந்த மனிதரோ, கட்டு வரும் வரும் என்று விடியற்காலை நாலு மணியிலிருந்து மழையில் நின்றிருக்கிறார். மறுநாள் அவர் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அதன்பிறகு இரண்டு மாதம் இணைப்பு தவறவில்லை. அப்புறம் பழைய கதைதான்.

சரி, அவனுக்கு என்ன சொல்வது? ஒரு மணி நேரம் தாளை விரித்து வைத்துப் படித்தால் தேடாத விஷயமும் கண்ணில் படும். லிட்டரரி சொசைட்டி எனக்கு அப்படிக் கிடைத்ததுதான். போனில் நாம் தேடுவதுதான் வரும். பத்திரிகைமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனாலும் வாங்காதே என்றுதான் சொன்னேன். காசு கொடுத்துவிட்டுக் காலையில் வாசலில் நின்று பக்கத்தை எண்ணும் எரிச்சல் அவனுக்கு வேண்டாம். போனில் படிக்கட்டும், சனிக்கிழமை கன்னிமாராவுக்குப் போகட்டும். நானும் 1ஆம் தேதியிலிருந்து நிறுத்தச் சொல்லிவிட்டேன். “இனிமே இணைப்பைத் தனியா எடுத்து வைக்கிறேன் சார்” என்றார் ஏஜென்ட். வேண்டாம் என்றேன்.

முத்தையா பக்கங்களை வெட்டி ஒட்டிய கோப்புகள் மூன்று இருக்கின்றன. அவற்றை அவனுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். விட்டுப்போன வாரங்களுக்கு வெற்றுத் தாளில் தேதி மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.