லேசர் குமிழி வேலைக்கு பிடிஎம்எஸ் சிப்: பல வருடம் பயன்படுத்திய பின்

சிங்கப்பூரில், நுண்ணிய நீர்க்கால்வாய்க்குள் லேசரால் குமிழி எழுப்பி ஆராயும் இந்தத் துறைக்கு வருபவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் கைக்கு வருவது பிடிஎம்எஸ் என்ற ரப்பர் போன்ற சிலிக்கோனில் அந்தக் கால்வாயை வார்த்த சிப்தான். சிலிக்கோன் திரவத்தையும் அதைக் கெட்டியாக்கும் திரவத்தையும் 10:1 விகிதத்தில் கலந்து அச்சில் ஊற்றி, சூட்டடுப்பில் வைத்து எடுத்தால் வேலை முடிந்தது. நானும் பல வருடமாக இதில்தான் குமிழி எழுப்புகிறேன். மலிவு, வசதி, எல்லாம் சரி. ஆனால் ஒரே குமிழியைத் திரும்பத் திரும்ப அச்சு அசலாக எழுப்பச் சொன்னால் படுத்தும்.

அப்படி எழுப்ப ஒரு காரணம் உண்டு. 532 நானோமீட்டர் பச்சை லேசரின் சில நானோநொடித் துடிப்பு, சாயம் கலந்த நீரில் குவிந்ததும் குமிழி வெடித்துக் கிளம்புகிறது. இயற்பியலாளர் ரேலி 1917இல் தந்த சூத்திரப்படி, திறந்த நீரில் 50 மைக்ரான் ஆரமுள்ள குமிழி 5 மைக்ரோநொடிக்குள் சுருங்கிவிடும். சிப்பில் சுவர்களுக்கு நடுவே 20 மைக்ரான் இடைவெளியில் அது தோசை போலத் தட்டையாகி, கொஞ்சம் அதிக நேரம் நிற்கும். இதைப் படம்பிடிக்க அதிவேக கேமரா வாங்கக் காசில்லாதவர்கள், ஒவ்வொரு முறையும் ஃபிளாஷைச் சற்றுத் தள்ளித் தள்ளி அடித்து, ஒற்றைப் படங்களைக் கோத்துக்கொள்வோம். குமிழிகள் ஒன்றுபோல் இருந்தால்தான் அப்படிக் கோத்த தொடருக்கு அர்த்தம்.

“அண்ணே, பழைய குமிழி போகமாட்டேங்குது” என்று எங்கள் தம்பி அடிக்கடி கூப்பிடுவான். போய்ப் பார்த்தால், சுருங்கிய இடத்தில் குண்டூசி முனையளவு காற்று ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த குமிழி அதன் பக்கம் கோணிக்கொண்டு போகும். நீரிலிருந்து காற்றை நீக்கிவிட்டு ஊற்றினாலும் பிடிஎம்எஸ் வழியாகக் காற்று மெல்ல உள்ளே வரும். சிரிஞ்ச் பம்பில் நீரை மெதுவாக ஓடவிட்டால் பெருமளவு சமாளிக்கலாம். அப்புறம், சுவர் நெகிழ்ந்து கொடுப்பதால் கண்ணாடிச் சுவருக்கான கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது. அதற்கு மருந்து இல்லை.

நம்மூர் ஈரம் தனித் தொல்லை. வார இறுதியில் கட்டட நிர்வாகம் ஏசியை நிறுத்தினால், திங்களன்று லேசரைக் குளிர்விக்கும் நீர்க்குழாயெல்லாம் வியர்த்திருக்கும். அதைத் துடைத்து உலர்த்தாமல் லேசரைத் தொடமாட்டேன். விளக்கால் இயங்கும் லேசர் என்றால் அரை மணி நேரம் சூடேறவும் விடுங்கள், ஆற்றல் அப்போதுதான் நிலைப்படும்.

புது வடிவத்தைச் சோதிக்க, உயிரணுக்களை வைத்துச் செய்துவிட்டுத் தூக்கியெறிய, பிடிஎம்எஸ்ஸே போதும். அளவெடுத்துக் கட்டுரை எழுதுவதற்கு விலை அதிகமானாலும் கண்ணாடி சிப்தான். லேசர், ஆபத்து வரிசையில் உச்சமான நான்காம் வகுப்பு என்றால் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் வேண்டும். ஆர்டர் போடும்போதே அதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.