கம்ப்யூட்டர் முட்டியோடு நாலு வருஷம்

முட்டிக்கு மேலே கால் எடுத்தவர்களும் அவர்கள் வீட்டுக்காரர்களும் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: பல லட்சம் கொடுத்துக் கம்ப்யூட்டர் வைத்த செயற்கை முட்டியை வாங்கலாமா, சாதாரண முட்டியே போதுமா? நாலு வருஷத்துக்கு மேலாக நான் அதைப் போட்டுத்தான் நடக்கிறேன். வீடு வேலூர் சத்துவாச்சாரியில், வேலை ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்குப் பிரிவில். பஸ், மாடிப்படி, சந்தை நெரிசல், மே மாத வெயில் எல்லாவற்றிலும் இதைப் பார்த்துவிட்டேன். வசதி இருந்தால் வாங்குங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் முட்டிக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் சாக்கெட்டை, அதாவது மீதிக் கால் உள்ளே போய் உட்காருகிற கிண்ணத்தை, சரி செய்துகொள்ளுங்கள்.

இதற்கு முன்னால் பல வருஷம் மெக்கானிக்கல் முட்டிதான். விபத்துக்குப் பிறகு முதலில் கிடைத்தது பூட்டு வைத்தது. நடக்கும்போது கால் கம்பு மாதிரி நேராக இருக்கும், உட்கார வேண்டுமானால் கையால் பூட்டை விடுவித்து மடக்க வேண்டும். அப்புறம் நாலு இணைப்பு வைத்த முட்டி வந்தது. நல்ல முட்டி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் முட்டி மடங்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒவ்வொரு முறை குதிகால் தரையில் படும்போதும் தொடையைப் பின்னால் அழுத்தியாக வேண்டும். கண் எப்போதும் தரையிலேயே இருக்கும். கூட வருபவர் ஏதாவது கேட்டால், நின்றுதான் பதில் சொல்வேன்.

கம்ப்யூட்டர் முட்டி அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. இந்த வகையில் பேர் வாங்கியது ஜெர்மனியின் ஓட்டோபாக் கம்பெனி 1997இல் கொண்டுவந்த சி-லெக். இன்று பல நாட்டுக் கம்பெனிகள் செய்கின்றன. அடிப்படை ஒன்றுதான். முட்டி எந்தக் கோணத்தில் இருக்கிறது, எவ்வளவு எடை ஏறியிருக்கிறது, கால் எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்பதை சென்சார்கள் பார்த்துக்கொண்டே இருக்கும். முதல் சி-லெக்கே நொடிக்கு 50 தடவை பார்த்தது. அதை வைத்து உள்ளே இருக்கிற சின்ன கம்ப்யூட்டர், எண்ணெய் ஓடும் வால்வைத் திறக்கும், மூடும். எடை ஏறும்போது முட்டி இறுகும், காலை வீசும்போது இளகும். ஐஸ்லாந்தின் ஓசுர் கம்பெனியின் ரியோ முட்டியில் வால்வுக்குப் பதிலாக இரும்புத் துகள் கலந்த திரவம்; மின்சாரம் பாய்ந்தால் அது கெட்டியாகி முட்டியை இறுக்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்த வகை முட்டி தடுக்கும், தாங்கும், தள்ளிவிடாது, தூக்கிவிடாது. மோட்டார் வைத்துத் தூக்கிவிடுகிற முட்டிகளும் இருக்கின்றன, ஆனால் அவை தனி வகை, எடையும் விலையும் அதிகம். என்னுடையதில் படி ஏறுவது பழையபடிதான்: நல்ல கால் முதலில், செயற்கைக் கால் பின்னால். விளம்பரப் படத்தைப் பார்த்துவிட்டு வள்ளிமலைப் படியைக் கடகடவென்று ஏறலாம் என்று நினைத்து வாங்கினால் மனசு உடைந்துபோகும்.

இறங்குவதில்தான் வித்தியாசம். காகிதப்பட்டறையில் என் மாமா வீடு மலையடிவாரத்துச் சரிவில் இருக்கிறது. முன்பெல்லாம் அந்தத் தெருவில் பக்கவாட்டில் திரும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குவேன். இப்போது நேராக இறங்குகிறேன். எடையை ஏற்றினால் முட்டி ஒரேயடியாக மடங்காமல் மெதுவாக, எதிர்த்துக்கொண்டே மடங்கும். அதை நம்பி முழு எடையையும் போடுவதற்குப் பழக மாதக்கணக்கில் ஆனது. கால் புதுசு, பயம் பழசு. பிசியோ பயிற்சியை இரண்டு வாரத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அடுத்தது தடுக்கி விழுவது. லாங் பஜாரில் ஒரு சாயங்காலம், இரண்டு கையிலும் பை. காலை முன்னால் வீசும்போது பெருவிரல் பக்கம் ஒரு கிழிந்த சாக்கில் மாட்டிக்கொண்டது. பழைய முட்டியாக இருந்தால் அது பாதி மடங்கிய நிலையிலேயே இருந்திருக்கும், நான் தரையில் கிடந்திருப்பேன். இதில், மடங்கிய முட்டி மேல் என் எடை விழுந்த அந்தக் கணமே அது இறுகியது. தொடையில் ஒரு அழுத்தம், உடம்பு அரை அடி கீழே இறங்கி நின்றது. நல்ல காலை எடுத்து முன்னால் வைக்க நேரம் கிடைத்தது, அவ்வளவுதான். கீரை விற்கிற அம்மா, “பாத்து நைனா, மெதுவா போ” என்றார். பையில் இருந்த தக்காளி கூட நசுங்கவில்லை. இந்த முட்டிக்குக் கொடுத்த காசு எதற்கு என்று கேட்டால் இதற்குத்தான் என்பேன். விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால் இருக்கிற காலும் படுத்துவிடும்.

நல்ல காலில் இருந்த முட்டி வலியும் இடுப்பு வலியும் குறைந்திருக்கின்றன. நிற்கும்போது எடையை இரண்டு பக்கமும் பிரித்துப் போடுகிறேன், நாற்காலியில் உட்காரும்போதும் செயற்கைக் கால் பாதி பாரத்தை வாங்கிக்கொள்கிறது.

சம்மணம் போட்டு உட்காருவது பற்றிப் பலர் கேட்பார்கள். முட்டிக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் ‘திருப்பி’ என்கிற சுழலும் பாகம் ஒன்று வைத்துத் தருவார்கள். பொத்தானை அழுத்தினால் முட்டியோடு சேர்த்துக் கீழ்க்கால் பக்கவாட்டில் திரும்பும். அதை வைத்துத்தான் பந்தியில் தரையில் உட்காருகிறேன். விலைப் பட்டியலில் அது தனியாக வரும், வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். பேன்ட், செருப்பு மாற்றவும் அதுவே வசதி.

இப்போது சாக்கெட். வேலூர் வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில், ஸ்டம்பில், அதாவது மீதிக் காலில், உறை மாதிரி மாட்டுகிற சிலிகான் லைனருக்குள் வேர்வை தேங்கும். மதியம் இரண்டு மணிக்கு ஆபீஸ் பாத்ரூமில் காலைக் கழற்றி லைனரை உருட்டி எடுத்தால், அடியில் இருந்து தண்ணீர் சொட்டும். ஸ்டம்பைத் துடைத்து, லைனரைத் துடைத்து, காற்றாட இரண்டு நிமிஷம் விட்டுத் திரும்பப் போட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் சாக்கெட் உள்ளே வழுக்கும், நடக்கும்போது கால் மேலும் கீழும் ஏறி இறங்கும், தோல் உரியும். முட்டி எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும், சாக்கெட் ஆடினால் நான் கால் வைக்கிற விதமே மாறிவிடுகிறது. மாறிப்போன நடையை வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது. முதல் வருஷத்திலேயே ஸ்டம்ப் இளைத்து, சாக்ஸ் மேல் சாக்ஸ் போட்டுச் சமாளித்து, கடைசியில் புது சாக்கெட் அச்சு எடுத்தோம். அதைப் போட்டு நடந்த அன்றைக்குத்தான் இந்த முட்டி உண்மையில் என்ன செய்யும் என்று தெரிந்தது.

சாக்கெட் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில் அந்தத் துறையை வளர்த்தார். வேலூர் பாகாயத்தில் அதன் மறுவாழ்வு மையம் 1966இல் வந்தது. கால் செய்வது என்றால் அளவெடுத்து மாட்டிவிடுவது மட்டும் இல்லை, நடக்கப் பழக்கி வீட்டுக்கு அனுப்புவது வரைக்கும் என்கிற பழக்கம் இங்கே அப்போதிருந்தே இருக்கிறது. எந்தக் கடையில் முட்டி வாங்கினாலும், சாக்கெட்டை இப்படி அனுபவம் உள்ள கைகளில் செய்துகொள்ளுங்கள். அச்சு எடுப்பவர் ஸ்டம்பைத் தொட்டுப் பார்த்து, எங்கே வலிக்கிறது, எங்கே எலும்பு முட்டுகிறது என்று நிதானமாகக் கேட்க வேண்டும். கேட்காதவரிடம் வேண்டாம்.

என் மனக்குறை சர்வீஸ்தான். இரண்டாவது வருஷத்தில், சரிவில் இறங்கும்போது முட்டி சில சமயம் தேவையில்லாமல் விறைத்தது. விற்ற கம்பெனியைக் கூப்பிட்டால், முட்டிக்கான போன் ஆப்பில் சரி செய்யலாம் என்றார்கள். ஆகவில்லை. வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். அதுவரைக்கும் போட்டுக்கொள்ளக் கொடுத்தது மெக்கானிக்கல் முட்டி. வாரக்கணக்கில் அதோடு நடந்தேன். கம்ப்யூட்டர் முட்டியை நம்பிப் பழகிய உடம்புக்குப் பழைய ஜாக்கிரதை உடனே திரும்பி வரவில்லை, ஆபீஸ் படியிலேயே தடுமாறினேன். இது ஆபத்து. இன்னொன்று, ஆப் முழுக்க ஆங்கிலத்தில். எனக்குச் சமாளிக்க முடிகிறது, ஐந்தாவது வரை படித்த ஒரு லாரி டிரைவருக்கு யார் சொல்லித் தருவது? இவ்வளவு விலை வாங்குகிறவர்கள் தமிழில் நாலு பொத்தான் வைக்கக் கூடாதா?

சார்ஜ் பெரிய தொல்லை இல்லை. தினமும் ராத்திரி போனோடு சேர்த்துப் போட்டுவிடுகிறேன். தீர்ந்துபோனால் முட்டி இறுகிப் பாதுகாப்பு நிலைக்குப் போய்விடும், சட்டென்று மடங்கி நம்மைக் கீழே தள்ளாது.

பணம் பற்றி. எல்லோருக்கும் இது கைக்கு எட்டாது, எட்டவில்லையே என்று உட்கார்ந்துவிடவும் வேண்டாம். ஐஐடி மெட்ராஸ் 2022இல் கொண்டுவந்த கதம் முட்டி உள்நாட்டுத் தயாரிப்பு, மெக்கானிக்கல், விலையும் குறைவு. 160 டிகிரி வரைக்கும் மடங்குவதால் பஸ் சீட்டிலும் ஆட்டோவிலும் இடிக்காது. நல்ல சாக்கெட்டோடு அதைப் போட்டு நடப்பவர், மோசமான சாக்கெட்டில் கம்ப்யூட்டர் முட்டி போட்டவரைவிட நன்றாகவே நடப்பார். சாலை விபத்தில் கால் போனவர்கள் இழப்பீட்டு வழக்கில் முதல் கால் வாங்கிய பில்லோடு நிறுத்திவிடாதீர்கள். காலை மாற்றுவதற்கும் பராமரிப்பதற்கும் ஆகும் செலவையும் உச்ச நீதிமன்றம் 2022இல் ஒரு வழக்கில் இழப்பீட்டில் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. வக்கீலிடம் கேளுங்கள்.

என் முட்டிக்கு அடுத்த வருஷம் வாரண்டி முடிகிறது. திரும்ப வாங்கினால் இதே வகையைத்தான் வாங்குவேன். ஆனால் இந்தத் தடவை மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்காமல் பணம் கட்டப் போவதில்லை: ரிப்பேருக்குப் போனால் மாற்றாகக் கம்ப்யூட்டர் முட்டியே தர வேண்டும், எத்தனை நாளில் திரும்பி வரும் என்று சொல்ல வேண்டும், வாங்குவதற்கு முன் ஒரு வாரமாவது என் தெருவிலும் என் பஸ்ஸிலும் போட்டுப் பார்க்க விட வேண்டும். கம்பெனிக் கூடத்து வழவழத் தரையில் எந்த முட்டியும் நன்றாகத்தான் நடக்கும்.