தர்மபுரி வீக்கெண்ட் வரலாறு கிளாஸ்: அமெரிக்கப் புரட்சி பகுதி எப்படி இருந்துச்சு? என்னோட ரிவ்யூ

யுபிஎஸ்சி மெயின்ஸ், பிஜி டிஆர்பி வரலாறு ரெண்டுக்கும் சேர்த்து தர்மபுரி டவுன்லயே ஒரு சென்டர்ல சனி ஞாயிறு கிளாஸ் நடத்துறாங்க, அதுல உலக வரலாறு இப்பதான் முடிஞ்சுது. சேரலாமா வேணாமான்னு நெறைய பேர் கேக்குறீங்க, அதனால அமெரிக்கப் புரட்சி பகுதிய மட்டும் எடுத்து விவரமா எழுதுறேன். அந்த ஒரு பாடத்த எப்படி நடத்துறாங்கன்னு பாத்தாலே மொத்த கிளாஸோட தரம் தெரிஞ்சிடும். குறையும் சொல்லப்போறேன், அதனால சென்டர் பேரு இங்க போடல.

நாம ஸ்கூல்ல படிச்சது என்ன, இங்கிலாந்து வரி போட்டுச்சு, மக்களுக்கு கோவம் வந்துச்சு, டீய கடல்ல கொட்டுனாங்க, சண்டை போட்டு சுதந்திரம் வாங்கிட்டாங்க. மேடம் ஆரம்பிக்கும்போதே கேட்ட கேள்வி, அந்த வரி நெஜமாவே அதிகமா? இல்லவே இல்லைங்க. இங்கிலாந்துல இருந்தவங்க கட்டுனதோட வச்சு பாத்தா அமெரிக்கால இருந்தவங்க கட்டுனது ரொம்ப கம்மி. 1773ல வந்த டீ சட்டத்தால டீ விலை குறையத்தான் செஞ்சிருக்கும், ஏன்னா கிழக்கிந்தியக் கம்பெனி நடுவுல வியாபாரி இல்லாம நேரா கொண்டு போயி விக்கலாம்னு அனுமதி குடுத்தாங்க. அப்புறம் ஏன் டிசம்பர் 16 ராத்திரி பாஸ்டன் துறைமுகத்துல 342 பெட்டி டீய தூக்கி கடல்ல போட்டாங்க? விலை கம்மியா இருக்கேன்னு வாங்கிக் குடிச்சா, அதுல இருக்கிற 3 பென்ஸ் வரிய லண்டன் பார்லிமெண்ட் போட்டது சரின்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். உள்ளூர் வியாபாரிங்களுக்கு பொழப்பு போயிடுமேங்கிற பயமும் இருந்துச்சு, அத மேடம் மறைக்காம சொன்னாங்க, எனக்கு அது பிடிச்சுது.

இத புரிய வைக்க அவங்க எடுத்தது நம்ம ஊரு தலைக்கட்டு வரி. மாரியம்மன் பண்டிகைக்கு ஊர் கூடி உக்காந்து தலைக்கட்டுக்கு இவ்ளோன்னு பேசி முடிச்சா எவ்ளோ கஷ்டத்துலயும் கட்டிடுவோம், அதே சம்பந்தமே இல்லாத வேற ஊர்க்காரங்க வந்து நீங்க அதுல பாதி குடுத்தா போதும்னு சொன்னா குடுப்போமா? கிளாஸே ஒரு நிமிஷம் அமைதியாயிடுச்சு. பிரதிநிதித்துவம் இல்லாம வரி இல்லைங்கிறத எத்தனையோ தடவ மனப்பாடம் பண்ணிருக்கேன், அன்னைக்குதான் மனசுல ஏறுச்சு.

அதுக்கு முன்னாடி இருந்த கதை இன்னும் முக்கியம். வர்ஜீனியால 1619லயே சட்டசபை கூடிருச்சு. அதுல இருந்து கிட்டத்தட்ட 150 வருஷமா அங்க அங்க அவங்களே வரி போட்டு அவங்களே செலவு பண்ணி பழகிட்டாங்க, லண்டன் பெருசா கண்டுக்கல. 1756ல இருந்து 1763 வரைக்கும் பிரான்ஸோட ஏழாண்டுப் போர், ஜெயிச்சதென்னவோ இங்கிலாந்துதான், ஆனா கடன் ஏழரை கோடி பவுண்டு கிட்ட இருந்தது 13 கோடிய தாண்டிருச்சு. அத அடைக்கணும், அமெரிக்கால நிறுத்துன பட்டாளத்துக்கும் செலவு பண்ணணும், அதனால 1764ல சர்க்கரை சட்டம், 1765ல முத்திரைச் சட்டம். இந்த முத்திரைச் சட்டம் யாரு தலையில விழுந்துச்சுன்னு பாருங்க, பத்திரம் எழுதுற வக்கீல், பேப்பர் அடிக்கிற அச்சகக்காரங்க, வியாபாரிங்க. பேசத் தெரிஞ்சவங்க, எழுதத் தெரிஞ்சவங்க எல்லாரையும் ஒரே நேரத்துல சீண்டுன மாதிரி. அதோட பிரான்ஸ்காரங்க கனடாவ விட்டு போயிட்டதால இங்கிலாந்து பாதுகாப்பு வேணுமேங்கிற பயமும் இவங்களுக்கு போயிருச்சு. எதிர்ப்ப தாங்காம 1766ல அந்த சட்டத்த வாபஸ் வாங்குனாங்க, ஆனா அதே கையோட உங்களுக்கு எந்த விஷயத்துலயும் சட்டம் போட எங்களுக்கு அதிகாரம் இருக்குன்னு இன்னொரு சட்டம் போட்டாங்க. சண்டைக்கு வேர் அங்கதான்.

எனக்கு இந்த கிளாஸ்லயே ரொம்ப பிடிச்ச இடம், ஒரு புது நாடு எப்படி உருவாகுதுன்னு காட்டுனதுதான். 13 காலனியும் தனித்தனி, ஒருத்தருக்கொருத்தர் எல்லைத் தகராறு வேற. இங்கிலாந்து சாமான் வாங்க மாட்டோம்னு முடிவு பண்ணாங்க, ஊருக்கு ஊரு கடிதக் குழு வச்சு சேதி அனுப்பிக்கிட்டாங்க, 1774ல பிலடெல்பியால ஜார்ஜியா தவிர மத்த 12 காலனியும் கூடுச்சு. சண்டையில சேர்ந்து நின்னு நின்னுதான் நாம எல்லாம் ஒண்ணுங்கிற எண்ணமே வந்துச்சு. 1775 ஏப்ரல்ல லெக்சிங்டன்ல துப்பாக்கி வெடிச்சப்புறம் கூட ஜூலைல ராஜா மூணாம் ஜார்ஜுக்கு சமாதான மனு அனுப்பிருக்காங்க! அவரு அத ஏத்துக்கல, நீங்க கலகக்காரங்கன்னு அறிவிச்சிட்டாரு. அதுக்கு ஒரு வருஷத்துக்குள்ள 1776 ஜூலை 4, சுதந்திரப் பிரகடனம். பென்னாகரத்துல இருந்து வர்ற ஒரு அண்ணன், அப்ப ஜமைக்கா பார்படாஸ் எல்லாம் ஏன் சேரல மேடம்னு கேட்டாரு. அங்க அடிமைங்க எண்ணிக்கை வெள்ளைக்காரங்கள விட பல மடங்கு, அதனால முதலாளிங்களுக்கு இங்கிலாந்து பட்டாளம் பக்கத்துலயே வேணும்னு பதில் சொன்னாங்க. காரணம்னு சும்மா ஒரு லிஸ்ட் எழுதி மார்க் வாங்கறதுக்கும் இப்படி புரிஞ்சு எழுதறதுக்கும் எவ்ளோ வித்தியாசம்.

நம்ம மண்ணோட சேர்த்து சொன்னது தனி. 1781 அக்டோபர்ல யார்க்டவுன்ல வாஷிங்டன் கிட்ட சரணடைஞ்ச படையோட தளபதி காரன்வாலிஸ். அதே காரன்வாலிஸ் கவர்னர் ஜெனரலா இங்க வந்து திப்புவோட சண்டை போட்டு 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைல நம்ம பாராமகால எழுதி வாங்குனாரு, தர்மபுரி கிருஷ்ணகிரி எல்லாம் அப்ப கம்பெனி கைக்கு போனதுதான். அப்புறம் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நெலத்த அளந்து வரி போட்டாங்க, பாஸ்டன்ல டீ கொண்டு போன அதே கம்பெனிக்காக. நம்ம ஆளுங்க கிட்டயும் யாரும் கேக்கல. இன்னொண்ணு, ஹைதர் அலி இங்க வெள்ளைக்காரங்கள எதுத்து நின்னுட்டிருந்தப்ப பென்சில்வேனியால ஒரு போர்க்கப்பலுக்கு அவரு பேர வச்சிருக்காங்க, அது 1782 ஏப்ரல்ல டெலவேர் விரிகுடால ஒரு பிரிட்டிஷ் கப்பல பிடிச்சிருக்கு. கிருஷ்ணகிரி கோட்டைய பஸ்ல போறப்ப பாத்துட்டே போற நமக்கு இதெல்லாம் யாரும் சொன்னதில்ல.

இப்ப குறை. அடிமைங்களையும் பூர்வகுடி மக்களையும் பத்தி ரொம்ப மேலோட்டம். எல்லாரும் சமம்னு பிரகடனம் எழுதுனவங்க வீட்லயே அடிமைங்க இருந்தாங்க, 1775ல வர்ஜீனியா கவர்னர் டன்மோர் எங்க பக்கம் வந்து சண்டை போட்டா விடுதலைன்னு அறிவிச்சப்ப எத்தனையோ அடிமைங்க இங்கிலாந்து பக்கம் ஓடுனாங்க. மெயின்ஸ்க்கு இது கண்டிப்பா வேணும், நியாயத்துக்கும் வேணும். அடுத்தது, இங்கிலாந்து அமெரிக்க சுதந்திரத்த ஒத்துக்கிட்ட 1783 பாரிஸ் உடன்படிக்கைக்கு அப்புறம் ஓட்டமா ஓடிட்டாங்க. வரி போடவே அதிகாரம் இல்லாத ஒரு மத்திய அரசு, மாசசூசெட்ஸ்ல கடன்பட்ட விவசாயிங்க ஷேஸ் தலைமைல 1786ல கிளம்புனது, அதுல பயந்து 1787ல அரசியலமைப்பு எழுதுனது, இதுதானே நாடு நிலைச்சு நின்ன கதை? அத கடைசி அரை மணி நேரத்துல முடிச்சது எனக்கு ஏமாத்தம்.

ஜெராக்ஸ் நோட்ஸ் மங்கல், 13 காலனி மேப்ல ஒரு பேரு கூட படிக்க முடியல. மதியம் ரூம்ல வெக்கை ஜாஸ்தி, கரண்ட் போனா ஃபேனும் இல்ல. டெஸ்ட் பேப்பர் திருத்தி குடுக்க லேட் ஆகுது, ஆனா குடுக்கும்போது ஓரத்துல கைப்பட எழுதி தர்றாங்க, அது நல்லா உதவுது.

ஃபீஸ் சென்னைல கேக்குறதுல பாதி கூட வராது, ரெண்டு தவணைல கட்டலாம். பாலக்கோடு, அரூர், காவேரிப்பட்டணம் பக்கம் இருக்கிறவங்க தாராளமா சேரலாம். வெறும் ஒன் வேர்ட் கொஸ்டின் அடிச்சு பழகணும்னு வர்றவங்களுக்கு இது செட் ஆகாது. என் மார்க் அஞ்சுக்கு நாலு. 1787 பகுதிக்கு தனியா ஒரு ஞாயித்துக்கிழமை ஒதுக்குறேன்னு மேடம் சொல்லிருக்காங்க, நடந்தா அப்டேட் பண்றேன்.