மூக்கடைப்புக்கு ரேடியோ அலையா, அறுவை சிகிச்சையா?

ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய்க் காற்று செங்கோட்டையை ஆட்டி எடுக்கும். அந்தக் காற்றிலும் வாயால் மூச்சு விடுகிற என் சித்தப்பாவுக்காகத்தான் இந்த இரண்டு வழிகளையும் விசாரித்தேன்.

முதலில் ஒரு சின்ன சோதனை. மூக்கை ஒட்டிய கன்னத்தை விரலால் வெளிப்பக்கம் இழுத்துப் பாருங்கள். சட்டென்று மூச்சு லேசானால், சிக்கல் மூக்கின் வால்வுப் பகுதியில் இருக்கலாம். மூக்குக்குள் மிகக் குறுகலான இடம் அதுதான். அங்கே கொஞ்சம் அகன்றாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

ரேடியோ அலை முறையில் கீறல் கிடையாது. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, மெல்லிய கருவியை உள்ளே அழுத்திப் பிடித்து, திசுவைச் சுமார் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். சூட்டில் குருத்தெலும்பு இளகி, கருவி தள்ளும் பக்கம் வளைந்து கொடுக்கிறது. ஆறும்போது சுற்றியுள்ள திசுவும் இறுகுகிறது. அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். சில நாள் வீக்கமும் பொருக்கும் இருக்கும், பலன் தெரியச் சில வாரம் ஆகலாம்.

அறுவை சிகிச்சை என்றால் பெரும்பாலும் முழு மயக்கம். இரண்டு மூக்குத் துளைகளையும் பிரிக்கும் நடுச்சுவர், காது, சில சமயம் விலாவிலிருந்து குருத்தெலும்பு எடுத்து ஒட்டுவைப்பார்கள். ஓய்வும் கூடுதலாக வேண்டும். ஆனால் நடுச்சுவர் நன்றாக வளைந்திருந்தாலோ, அடிபட்டு மூக்கே சரிந்திருந்தாலோ இதுதான் வழி. ரேடியோ அலை அதை நிமிர்த்தாது.

சித்தப்பாவுக்கு நடுச்சுவர் நேராக இருக்கிறது, பக்கச் சுவர்தான் மூச்சிழுக்கும்போது உள்ளே ஒட்டுகிறது. அதனால் முதலில் ரேடியோ அலை என்பதே என் எண்ணம். பலிக்காவிட்டால் அப்புறம் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம். புனலூர் தாண்டித் திருவனந்தபுரம் போனாலும் சரி, திருநெல்வேலி போனாலும் சரி, டாக்டரிடம் முதலில் கேளுங்கள்: அடைப்பு வால்விலா, நடுச்சுவரிலா, அலர்ஜியாலா?