பி650 மதர்போர்டு, இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு: அடுத்த தலைமுறைப் பிராசசரை அது ஏற்றுக்கொண்டதா?

வடபழனியில் திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கும் சிறிய எடிட்டிங் கூடம் ஒன்றை நடத்திவருகிறேன். அதற்காக 2023 பிப்ரவரியில் ரிச்சி தெருவில் வாங்கிய பி650 சிப்செட் மதர்போர்டைப் பற்றியது இந்த மதிப்புரை. இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்5 சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்) உள்ள எல்லாப் போர்டுகளுக்கும் பொருந்தும் என்பதால், தயாரிப்பு நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. அன்று அதில் பூட்டியது ஆறு கோர் கொண்ட ரைசன் 5 7600 என்ற ஏஎம்டி பிராசசர். 2025 ஆகஸ்டிலிருந்து அதே போர்டில், அதே ரேமுடன், அதே கூலருடன், பன்னிரண்டு கோர் கொண்ட ரைசன் 9 9900எக்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது.

இது தானாக நடந்துவிடவில்லை. பிராசசர் சாக்கெட்டில் உட்காருவது வேறு, போர்டு அதை ஏற்றுக்கொள்வது வேறு. இந்த வேறுபாட்டைக் கடைகளில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இன்டெல் தரப்பில் 2017ஆம் ஆண்டு நடந்ததை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அந்த ஆண்டு அக்டோபரில் எட்டாம் தலைமுறை பிராசசர்கள் வந்தபோது சாக்கெட்டின் பெயர் எல்ஜிஏ1151 என்றே தொடர்ந்தது. ஆனால் அதற்கு முந்தைய 100, 200 வரிசைப் போர்டுகளில் அவை இயங்கவில்லை, 300 வரிசைப் போர்டு தேவைப்பட்டது. பிறகு வந்த எல்ஜிஏ1200 இரண்டு தலைமுறைகளையும், 2021இல் வந்த எல்ஜிஏ1700 பன்னிரண்டு முதல் பதினான்கு வரை மூன்று தலைமுறைகளையும் தாங்கின. 2024 அக்டோபரில் கோர் அல்ட்ரா 200 வரிசையுடன் எல்ஜிஏ1851 வந்ததும் பழைய போர்டுகளின் பாதை முடிந்துபோனது.

ஏஎம்டியின் ஏஎம்4 நெடுங்காலம் நீடித்தது உண்மை. 2017இல் முதல் ரைசனோடு கடைக்கு வந்த அந்தச் சாக்கெட்டுக்கு, 2022இல்கூட 5800எக்ஸ்3டி என்ற வலுவான பிராசசர் வந்தது. ஆனால் அந்த வழியும் மேடுபள்ளம் இல்லாததல்ல. 2020 மே மாதம், பி450, எக்ஸ்470 போர்டுகளில் ஜென் 3 பிராசசர்கள் (ரைசன் 5000 வரிசை) இயங்காது என்று ஏஎம்டி அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பவே அதே மாதத்தில் முடிவை மாற்றிக்கொண்டது. அவற்றுக்கும் முந்தைய பி350, எக்ஸ்370 போர்டுகளை வைத்திருந்தவர்கள் 2022 வரை காத்திருந்தார்கள். பல போர்டுகளில், கணினியை எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸைத் தாங்கும் சிப்பின் கொள்ளளவு 16 எம்பி மட்டுமே. அத்தனை தலைமுறைப் பிராசசர்களுக்கும் உரிய நிரலை அதற்குள் அடைக்க முடியாமல், சில நிறுவனங்கள் பழைய பிராசசர்களின் ஆதரவை நீக்கிப் புதியவற்றுக்கு இடம் செய்தன. பொருந்திய பிறகும் எல்லா வசதியும் கிடைத்துவிடவில்லை: பி450 போர்டில் ரைசன் 5000 பூட்டினாலும், கிராபிக்ஸ் கார்டும் எஸ்எஸ்டியும் இணையும் பிசிஐஇ தடத்தில் பழைய 3.0 வேகம்தான்.

என் அனுபவத்துக்கு வருகிறேன். முதல் பாடத்தைக் கற்றது என் போர்டில் அல்ல, அக்கா மகனின் போர்டில். 2024 இறுதியில் அவன் ரைசன் 5 9600எக்ஸ் பிராசசரும் ஒரு பி650 போர்டும் வாங்கினான். வீட்டில் பூட்டிப் பவர் கொடுத்தால் விசிறிகள் சுழன்றன, திரை மட்டும் எழவில்லை. ரேமை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இழந்தோம். திங்கட்கிழமை அதே கடைக்குக் கொண்டு போனபோது, கவுன்டரில் இருந்தவர் பெட்டியின் மேல் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, “போர்டுல குறை இல்ல சார், சரக்குதான் பழசு” என்றார். பெட்டி கடையில் நெடுநாள் கிடந்திருக்கிறது. உள்ளே இருந்த பயாஸ் 9000 வரிசை வெளிவருவதற்கு முந்தையது. விற்கும்போதே பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் இது. இரண்டையும் சேர்த்தே பில் போட்ட கடை சொல்லாமல் விட்டது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

தீர்வு என்னவோ எளிதாக இருந்தது. பல போர்டுகளின் பின்புறத்தில் பயாஸ் ஃபிளாஷ்பேக் என்ற சிறிய பட்டன் இருக்கும். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் புதிய பயாஸ் கோப்பை, நிறுவனம் சொல்லும் பெயருக்கு மாற்றிப் போட்டு, அதற்கென்று குறியிட்ட யுஎஸ்பி துளையில் செருகி, அந்தப் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் ஒரு சிறு விளக்கு மினுக்கத் தொடங்கும். பிராசசரோ ரேமோ போர்டில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கணினியின் பவர் சப்ளை பெட்டி) மின்சாரம் வந்தால் போதும். விளக்கு நிற்கும் வரை கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், நாங்களும் நின்றோம். பாதியில் மின்சாரம் போனால் வேலை கெடும் என்பதால், வீட்டில் செய்பவர்கள் யுபிஎஸ் இல்லாமல் இதைத் தொடக்கூடாது.

இந்தப் பட்டன் இல்லாத மலிவான போர்டை வாங்கி மிச்சப்படுத்தும் பணம், ஒரே ஒரு முறை ரிச்சி தெருவுக்கு அலைந்தால் சரியாகப் போய்விடும்.

என் போர்டில் பழைய பிராசசர் ஓடிக்கொண்டிருந்ததால், அதைக் கழற்றுவதற்கு முன்பே பயாஸைப் புதுப்பித்துவிட்டேன். அதற்கும் முன்பு, நிறுவனத்தின் தளத்தில் என் போர்டின் பெயருக்கு நேரே உள்ள பட்டியலில் 9900எக்ஸ் இருக்கிறதா, எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டேன். புதிய பிராசசருக்கான அடிப்படை நிரலைத் தருவது ஏஎம்டி. அதை ஒவ்வொரு போர்டுக்கும் ஏற்ற பயாஸாகச் செய்து வெளியிடுவது போர்டு நிறுவனம். அந்த நிறுவனம் அக்கறை காட்டாவிட்டால், ஏஎம்டி எத்தனை ஆண்டுகளுக்கு வாக்குறுதி கொடுத்தும் பயனில்லை.

பிராசசரை மாற்றிய பிறகு முதன்முறை இயக்கியபோது திரை பல நிமிடங்கள் கறுப்பாகவே இருந்தது. பயந்துபோய் அணைத்துவிட வேண்டாம். டிடிஆர்5 ரேமைப் போர்டு சோதித்துப் பழகிக்கொள்ளும் நேரம் அது. அடுத்து, புதிய பிராசசர் பூட்டப்பட்டிருக்கிறது, எஃப்டிபிஎம்மை (பாதுகாப்புச் சாவிகளைச் சேமித்து வைக்கும் பகுதி) அழித்துப் புதிதாக்கவா என்ற கேள்வி வந்தது. விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு போட்டிருப்பவர்கள் மீட்புச் சாவியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளாமல் அதற்குச் சம்மதம் சொன்னால், தங்கள் கோப்புகளைத் தாங்களே திறக்க முடியாமல் போகலாம். வாடிக்கையாளர்களின் திருமணக் காட்சிகள் இருக்கும் கணினி என்பதால், அந்தச் சாவியை ஒரு தாளில் எழுதி மேசை இழுப்பறையில் வைத்த பிறகே ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தேன். பயாஸைப் புதுப்பித்ததில் பழைய அமைப்புகளும் அழிந்து, 6000 வேகத்தில் ஓடிய ரேம் 4800க்கு இறங்கியிருந்தது. ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்போ அமைப்பை மீண்டும் இயக்கிச் சரிசெய்தேன்.

மின்சாரம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 7600 பிராசசரின் டிடிபி (நிறுவனம் குறிப்பிடும் வெப்ப அளவு) 65 வாட், அது சாக்கெட்டிலிருந்து இழுப்பது அதிகபட்சம் 88 வாட். 9900எக்ஸின் டிடிபி 120 வாட், அது இழுப்பது 162 வாட் வரை. இந்தச் சுமையைத் தாங்குவது, பிராசசருக்கு ஏற்ற மின்னழுத்தத்தைத் தரும், அதைச் சுற்றியுள்ள விஆர்எம் பகுதி. பி650ஐவிட மலிவான ஏ620 போர்டுகளில் சில, 65 வாட் பிராசசர்களை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. அவற்றிலும் இதே சாக்கெட்தான், ஆனால் மே மாதச் சென்னையில், ஏசி இல்லாத அறையில், தொகுத்த வீடியோவை மணிக்கணக்கில் எக்ஸ்போர்ட் போடும் வேலைக்கு அவற்றைப் பரிந்துரைக்க என் மனம் ஒப்பவில்லை. என் போர்டில் விஆர்எம் மீது கனமான ஹீட்சிங்க் இருக்கிறது. முன்பு இரவில் எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு போவோம். இப்போது அந்த வேலை மாலைக்குள் முடிந்துவிடுகிறது.

இனிமேல் என்ன? நான் வாங்கிய நாளில் ஏஎம்5 ஆதரவு 2025 வரையாவது தொடரும் என்று ஏஎம்டி சொல்லியிருந்தது. 2024 ஜூனில் அதை 2027க்கும் அப்பால் நீட்டித்தது. சாக்கெட்டின் ஆயுளுக்கு நான் முழு மதிப்பெண் தருகிறேன். ஆனால் அது சாக்கெட்டுக்குத் தரப்பட்ட வாக்குறுதி, இன்ன போர்டுக்கு என்று தரப்பட்டதல்ல. ஆகவே இன்று புதிதாக வாங்குபவர், அந்த நிறுவனம் தன் 2022ஆம் ஆண்டுப் போர்டுகளுக்கு இன்னும் பயாஸ் வெளியிடுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்கட்டும். அதிவேக யுஎஸ்பி4 இணைப்பு தேவைப்படாதவர் அதற்காக, பிறகு வந்த எக்ஸ்870 சிப்செட் போர்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பிராசசரைப் பொறுத்தவரை பி650யும் 9000 வரிசையை ஏற்கிறது. ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பிராசசரை மாற்றவே போவதில்லை என்று உறுதியாக இருப்பவருக்கு இந்தக் கவலையே வேண்டாம். விலை படிந்தால் இன்டெல் போர்டையே தாராளமாக வாங்கலாம்.

2025 இறுதியில் ரேம் விலை ஏறத் தொடங்கியபோது, போர்டையும் ரேமையும் மாற்றாமல் தப்பித்ததன் மதிப்பு எனக்கு இன்னும் நன்றாக விளங்கியது. கழற்றிய 7600ஐ வேறொரு பி650 போர்டில் பூட்டி, எங்கள் கூடத்தில் ஆல்பம் வடிவமைக்கும் தம்பிக்குக் கொடுத்திருக்கிறேன். அந்தப் போர்டை வாங்கும்போது, பயாஸ் பதிப்பைக் கடையிலேயே திரையில் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன்.