எங்க ஊரு கவர்மெண்ட் ஹையர் செகண்டரி ஸ்கூல்: ரெண்டு பிள்ளைங்கள அங்க சேத்த அம்மாவோட ரிவ்யூ

ஸ்கூல் பேரு போடல, கேக்காதீங்க. தெக்கத்திப் பக்கம் ஒரு தாலுகா ஊரு, அவ்வளவுதான். பையன் இன்னும் அங்கதான் படிக்கிறான், பேரு போட்டுட்டு நாளைக்கு காலைல கேட்டுல நிக்கிற பி.டி. சார் மூஞ்சில நான் முழிக்கணும்ல.

முதல்ல எங்க கதைய சொல்லிடறேன், அப்பதான் நான் எந்த எடத்துல நின்னு பேசறேன்னு புரியும். பொண்ணு எட்டாவது வரைக்கும் மெட்ரிகுலேஷன், பையன் அஞ்சாவது வரைக்கும் அதே ஸ்கூல். கொரோனா வந்துச்சு, அவங்க அப்பாவுக்கு சம்பளம் பாதியாச்சு, அங்க ஆன்லைன் கிளாஸுக்கே முழு ஃபீஸ் கேட்டாங்க. 2021-ல ரெண்டு பேருக்கும் டிசி வாங்கிட்டு வந்து இங்க சேத்துட்டோம், அவள ஒம்போதாவது, இவன ஆறாவது. எங்க மாமியார் ஒரு வாரம் எங்கிட்ட பேசல, பேத்தி கவர்மெண்ட் ஸ்கூலுக்குப் போறாளேன்னு. அட்மிஷனுக்குப் போனா பழைய ஸ்கூல் வேன்ல ஒண்ணா வந்த பிள்ளைங்க அம்மாங்க நாலு பேரு அங்க வரிசையில நிக்கிறாங்க, ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிக்கவா வேணாமான்னு தெரியாம நின்னோம். இப்ப பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சு இஞ்சினியரிங் முதல் வருஷம், பையன் இந்த மார்ச்ல பத்தாவது பப்ளிக் எழுதப் போறான்.

ஸ்டார் போடச் சொன்னா வாத்தியாருங்களுக்கு நாலு, ஆபீஸுக்கு ரெண்டு, பாத்ரூமுக்கு அரை. மொத்தமா எவ்வளவுன்னு நீங்களே போட்டுக்கோங்க.

எல்லாரும் கேக்கற மொத கேள்வி, "கவர்மெண்ட் ஸ்கூல்ல நடத்துவாங்களா?" நடத்துவாங்க, ஆள் இருந்தா. எங்க பிரச்சனையே அதுதான். பொண்ணு ப்ளஸ் ஒன் சேந்தப்போ பிசிக்ஸ் சார் டிரான்ஸ்ஃபர் கவுன்சிலிங்ல சொந்த ஊருக்குப் போயிட்டார். அவர குத்தம் சொல்ல முடியாது, பல வருஷமா தினமும் ரெண்டு பஸ் மாறி வந்துட்டிருந்தவரு. ஆனா அந்த எடத்துக்கு ஆளே வரல. பிசிக்ஸ் பீரியட்ல பிள்ளைங்க பாதி நாள் பயாலஜி ரெக்கார்ட் நோட்டு வரஞ்சிட்டு ஒக்காந்திருந்தாங்க. குவார்ட்டர்லியில என் பொண்ணு 70-க்கு 19. மெட்ரிக்ல ரேங்க் வாங்கிட்டிருந்த பிள்ளை, பேப்பர நாலா மடிச்சு காம்பஸ் பாக்ஸுக்குள்ள வச்சிருந்துச்சு, நானா தேடி எடுத்தேன்.

அப்பறம் பள்ளி மேலாண்மைக் குழு, அதாவது பெத்தவங்களும் வாத்தியாருங்களும் சேந்த குழு, அது மூலமா தற்காலிகமா ஒரு மிஸ் போட்டாங்க. எம்.எஸ்சி. பி.எட். முடிச்ச சின்னப் பொண்ணு, மாசம் 18,000 ரூபா தொகுப்பூதியம், அதுவும் ரெண்டு மூணு மாசம் சேந்துதான் கைக்கு வரும். அந்தப் பொண்ணு மட்டும் வரலன்னா என் மக பிசிக்ஸ்ல தேறியிருக்க மாட்டா, அத கோயில்ல வச்சுக் கேட்டாலும் சொல்லுவேன். அதனால ஸ்கூல் பாக்கப் போறவங்க புது பில்டிங், ஸ்மார்ட் போர்டு, செவுத்துல வரஞ்ச கலாம் படம் இதெல்லாம் பாத்து மயங்காதீங்க. ப்ளஸ் டூ பிள்ளைங்க ரெண்டு பேர டீக்கடைப் பக்கம் பிடிச்சு, "எந்த சப்ஜெக்ட்டுக்குப்பா ஆள் இல்ல?"ன்னு கேளுங்க. ஹெச்.எம். சொல்லாதத அவங்க அரை நிமிஷத்துல சொல்லிடுவாங்க.

இருக்கிற வாத்தியாருங்க நல்லவங்க. மேத்ஸ் சார் ஏழே முக்காலுக்கு ஸ்பெஷல் கிளாஸ் வச்சிடுவார், மழைன்னாலும் டிவிஎஸ் ஃபிப்டில கோட்டு போட்டுட்டு வந்து நிப்பார். அவரப் பத்தி பையன்கிட்ட கேட்டேன். "அவரு அடிக்க மாட்டாரும்மா, 'என்னய்யா இப்படிப் பண்ணிட்ட'ன்னு மட்டும் கேப்பாரு, அதுக்கு அடிச்சிருந்தாலே தேவலன்னு இருக்கும்" அப்படிங்கறான். கெமிஸ்ட்ரி மிஸ் மோல் கான்செப்ட் நடத்தறதுக்கு சத்துணவுக் கூடத்துல இருந்து முட்டை அட்டைய எடுத்துட்டு வந்தாங்களாம். ஒரு அட்டைன்னா 30 முட்டை, யாரும் எண்ணிப் பாக்க மாட்டோம்ல, அதே மாதிரி ஒரு மோல்னா இவ்வளவு அணுன்னு சொல்லியிருக்காங்க. பொண்ணு வீட்டுக்கு வந்து எனக்கே நடத்திக் காட்டுனா, பத்தாவதோட நிறுத்துன எனக்கே வெளங்குச்சுன்னா பாத்துக்கோங்க.

இங்கிலீஷ் மீடியம்னு போர்டு இருக்கு, ஆனா கிளாஸ்ல தமிழ்லதான் சொல்லித் தர்றாங்க, நோட்ஸ் மட்டும் இங்கிலீஷ். இதப் பத்தி பெத்தவங்களுக்குள்ள பெரிய சண்டையே நடக்கும். எனக்கு ரெண்டு மனசு. புரியுது, அது நெசம். ஆனா காலேஜ் போன மொத மாசம் பொண்ணு தெனம் போன் பண்ணி "அம்மா அவங்க பேசறதே பிடிபட மாட்டேங்குது"ன்னு அழுதாளே, அதுவும் நெசம்.

இன்னொண்ணு, புக் பேக், அதாவது ஒவ்வொரு பாடத்துக்கும் கடைசில இருக்கிற கேள்விங்க. அந்தக் கேள்வி பதில கரைச்சுக் குடிக்க வச்சிடறாங்க, ஒன் வேர்ட் தெனமும் ஸ்லிப் டெஸ்ட். ஃபெயில் ஆகற பையன கரையேத்த அது நல்ல வழிதான், ஆனா நல்லா படிக்கிற பிள்ளைக்கு அது பத்தாது. இப்பல்லாம் பப்ளிக்ல பாடத்துக்கு உள்ள இருந்தும் கேள்வி வருது, நீட்டுக்கு சொல்லவே வேணாம். ப்ளஸ் டூ சயின்ஸ் பாடத்துக்கு தியரி 70, பிராக்டிகல் 20, இன்டர்னல் 10, இதுல பிராக்டிகலும் இன்டர்னலும் சேந்த முப்பது பெரும்பாலும் வந்துரும், அந்த எழுபதுதான் பிள்ளைய பிள்ளைகிட்ட இருந்து பிரிக்குது.

இப்ப நான் வயிறெரிஞ்சு சொல்ற விஷயம். 7.5 சதவீதம். அரசுப் பள்ளி பிள்ளைங்களுக்கு மெடிக்கல்ல 2020-லயும், இஞ்சினியரிங் அக்ரி மாதிரி படிப்புகளுக்கு 2021-லயும் கொண்டு வந்த உள் ஒதுக்கீடு. இஞ்சினியரிங் சீட்டு அதுல கெடச்சா ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் கவர்மெண்ட்டே கட்டிடும். ஆனா ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும். என் பொண்ணு ஒம்போதாவதுல வந்தவ. ஆர்டிஇல, அதான் கல்வி உரிமைச் சட்டத்துல, ஃப்ரீ சீட்டு வாங்கி எட்டாவது வரைக்கும் பிரைவேட்ல படிச்சிட்டு ஒம்போதாவதுல வந்திருந்தா கூட சேத்துப்பாங்க, நாங்க கைக்காசு கட்டிப் படிக்க வச்சோம், அதுதான் தப்பாப் போச்சு. பொம்பளப் பிள்ளைங்களுக்கு காலேஜ்ல மாசம் 1,000 ரூபா வருதே புதுமைப் பெண், அதுவும் அதே கண்டிஷன்ல கெடைக்கல. அவகூட ஒரே பெஞ்சுல ஒக்காந்து அவளவிட கட்ஆஃப் கம்மியா எடுத்த பிள்ளை இன்னைக்கு ஃபீஸே இல்லாம நல்ல காலேஜ்ல படிக்குது. அந்தப் பிள்ளை அம்மா வீட்டு வேலைக்குப் போறவங்க, கெடைக்கட்டும், சந்தோஷம்தான். நான் என் தலையெழுத்தத்தான் சொல்றேன். மூணு வருஷ ஃபீஸ மெட்ரிக்ல கொண்டு போய்க் கொட்டி, அதுக்கு மேல இதையும் இழந்தோம். மாத்தறதா இருந்தா ஆறாவதுலயே மாத்துங்க. எய்டட் ஸ்கூலும் இந்த 7.5-க்குள்ள வராது, அத கவர்மெண்ட் ஸ்கூல்னு நெனச்சு ஏமாந்தவங்க எங்க தெருவுலயே இருக்காங்க.

ஃப்ரீயா வர்றதெல்லாம் வருது. புக்கு நோட்டு முதல் வாரமே கொடுத்துட்டாங்க, பஸ் பாஸ் கொஞ்சம் லேட்டு, யூனிஃபார்ம் எட்டாவது வரைக்கும்தான், அதுக்கு மேல நாமதான் எடுக்கணும். ப்ளஸ் ஒன்ல சைக்கிள். வாங்குன உடனே ஓட்டாதீங்க, நேரா சைக்கிள் கடைக்குத் தள்ளிட்டுப் போய் எல்லா நட்டையும் டைட் வச்சுட்டு அப்பறம் ஓட்டச் சொல்லுங்க, என் பொண்ணுக்கு மூணாவது நாளே பெடல் கழண்டு கையில வந்துருச்சு. சத்துணவு பத்தாவது வரைக்கும் உண்டு, முட்டை தெனமும். பையன் வீட்டு டிபன் பாக்ஸையும் காலி பண்ணிட்டு அங்கயும் வாங்கித் திங்கறான், ருசி எப்படின்னு இதுக்கு மேல நான் சொல்லணுமா.

பாத்ரூம். இத எழுதத்தான் நான் ஒக்காந்ததே. ஒரு நாள் மீட்டிங்குக்குப் போனப்போ நானே உள்ள போய்ப் பாத்தேன். பொண்ணுங்க பக்கம் ஆறு கதவு, மூணுல தாப்பா இல்ல, ஒண்ணுல ஒடஞ்ச பெஞ்சு அடுக்கி வச்சிருக்கு, மீதி ரெண்டுக்கு வெளிய இன்டர்வெல்ல முப்பது நாப்பது பிள்ளைங்க வரிசை. பைப்புல தண்ணி இல்ல, மோட்டார் போயி மாசக் கணக்காச்சாம், வெளித் தொட்டில இருந்து ஒரு பெயிண்ட் வாளில மொண்டுட்டுப் போறாங்க. நாப்கின் எரிக்கிற மெஷின் செவுத்துல இருக்கு, பிளக்கே சொருகல. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய கதவப் பிடிச்சுட்டு நிக்கணும், அதுக்குன்னு ஜோடி சேத்து வச்சிருக்காங்க பிள்ளைங்க. என் பொண்ணு நாலு வருஷமும் காலைல குடிச்ச தண்ணிதான், சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டுறதுக்கு முன்னாடி பாத்ரூமுக்கு ஓடுவா. ரெண்டு தடவ யூரின் இன்ஃபெக்ஷன். பாட்டில் நிறைய தண்ணி கொடுத்து விட்டா அப்படியே திரும்பி வரும், திமிரு பிடிச்ச கழுதன்னு திட்டியிருக்கேன். அந்த எடத்த நேர்ல பாத்த அன்னைக்குத்தான் வாய மூடுனேன். கூட்டுற அக்கா ஒரே ஆளு, அவங்களுக்குக் கொடுக்கற சம்பளத்துக்கு அவங்க வர்றதே பெருசு.

ஆபீஸ் பத்தி சுருக்கமா. "நாளைக்கு வாங்க." பொண்ணோட இனிஷியல் எமிஸ்ல, அதான் பிள்ளைங்க விவரம் ஏத்தற கவர்மெண்ட் வெப்சைட்ல, தப்பா ஏறியிருந்தத மாத்த மூணு நாள் லீவு போட்டு அலைஞ்சேன். பத்தாவது பப்ளிக்குக்கு முன்னாடி நாமினல் ரோல்னு ஒரு லிஸ்ட்ல பெத்தவங்கள கையெழுத்துப் போடச் சொல்வாங்க, தயவு செஞ்சு கண்ணாடியப் போட்டுட்டுப் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க, தமிழ்ல இங்கிலீஷ்ல ரெண்டுலயும். மார்க் ஷீட்ல ஏறிட்டா அப்பறம் அத மாத்த நாய் படாத பாடு.

மத்தவங்க என்ன சொல்றாங்கன்னும் கேட்டேன். பக்கத்துத் தெரு அக்கா, அவங்க பையன் காமர்ஸ் குரூப்பு, "வாத்தியாருங்க எந்நேரமும் போனையே நோண்டிட்டு இருக்காங்கப்பா"ன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன். கிளாஸ் டீச்சர் ஒரு தடவ போன காட்டுனாங்க, வருகைப் பதிவு ஆப்புல ஏத்தணும், யூனிஃபார்ம் கொடுத்தத ஏத்தணும், யாருக்கு ஆதார் இல்லன்னு ஏத்தணும், சிக்னல் இல்லன்னா ஜன்னல் ஓரமா போய் நிக்கணும். எல்லாரும் அப்படின்னு நான் சொல்ல மாட்டேன், ஒண்ணு ரெண்டு பேரு ரீல்ஸும் பாக்கறாங்க, பிள்ளைங்களே சொல்லுது.

ஆட்டோ ஓட்டுற அண்ணன் ஒருத்தர், மகன ப்ளஸ் ஒன்னோட நிறுத்திட்டு டுட்டோரியல்ல போட்டவர், அவருக்கு ஸ்கூல் மேல ஒரே கோவம். பையங்க மதியம் செவுரு ஏறிக் குதிச்சு வெளிய போறான், கேக்க நாதி இல்லன்னாரு. அது உண்மைதான், பின்பக்க செவுரு என் இடுப்பு ஒயரம்தான் இருக்கும்.

கையில கலர் கயிறு கட்டுற விஷயத்த எங்க பக்கத்துல பேசாம விட முடியாது. எந்தக் கலரு எந்த சாதின்னு ஆறாவது பிள்ளைக்கே தெரியுது. நாங்குநேரியில 2023-ல சாதிப் பகையில கூடப் படிச்ச பசங்களே ஒரு மாணவன வீடு புகுந்து வெட்டுனதுக்கு அப்பறம், அடுத்த வருஷம் நீதிபதி சந்துரு கமிட்டி ரிப்போர்ட்டுலயும் இந்தக் கயிறு வேணாம்னு சொன்னதுக்கு அப்பறம், இங்க பி.டி. சார் கேட்டுலயே கத்தரியோட நிக்க ஆரம்பிச்சாரு. கோயில் கயிறுன்னு சண்டைக்கு வந்த அப்பாங்களும் உண்டு. சார் அசரல. அதுக்காகவே அவருக்கு தனியா ஒரு ஸ்டார்.

பையன்கிட்ட, "டேய், பழைய ஸ்கூலுக்கே போறியா, அப்பாவுக்கு இப்ப வேல பரவால்ல"ன்னு போன வருஷம் கேட்டேன். "அங்க கிரவுண்டே இல்லையேம்மா"ன்னான். அவ்வளவுதான் அவனோட ரிவ்யூ. அக்கா எழுதுன மாதிரி ப்ளஸ் ஒன்னுக்கு பப்ளிக் இவனுக்குக் கெடையாது, எடுத்துட்டாங்க, அதுல வேற குஷியா திரியறான். பிசிக்ஸ்க்கு இப்ப நிரந்தரமா ஆள் வந்தாச்சு, மேத்ஸ் சாருக்கு ரிட்டயர்மெண்ட் நெருங்குது. அதத்தான் நான் விரல் விட்டு எண்ணிட்டிருக்கேன்.

2024-ல மேலாண்மைக் குழு புதுசா போட்டப்போ நானும் பேரு கொடுத்து உறுப்பினர் ஆயிட்டேன். மொத ரெண்டு கூட்டம் டீ பிஸ்கட்டோட முடிஞ்சுச்சு. மூணாவதுல போன்ல எடுத்து வச்சிருந்த அந்தப் பெயிண்ட் வாளி போட்டோவ எடுத்துக் காட்டுனேன், கொஞ்ச நேரம் யாரும் பேசல, அப்பறம் ஹெச்.எம்.மே தீர்மானப் புக்க எடுத்து எழுதுனாங்க. தாப்பா மூணும் மாட்டியாச்சு, ஒரு பெத்தவரு தச்சர், அவரே வந்து காசு வாங்காம மாட்டிக் கொடுத்தாரு. ஒடஞ்ச பெஞ்சையும் வெளிய எடுத்தாச்சு. மோட்டாருக்கு கொட்டேஷன் போயிருக்கு, "அடுத்த வாரம், அடுத்த வாரம்"னு ஓடிட்டிருக்கு. தண்ணி வந்தா இங்கயே வந்து பாத்ரூமுக்கு ஸ்டார மாத்திப் போடறேன், அது வரைக்கும் அரைதான்.