ஐந்து ஆப்பிரிக்கப் பயணம், ஒரு 100-400 லென்ஸ்: காட்டுயிர் படம் எடுக்க எங்கே போகலாம்?

2014 ஆகஸ்டில் முதல்முறையாக கென்யாவின் மசாய் மாரா காப்பகத்துக்குப் போனேன். அதன்பிறகு 2023 வரை இன்னும் நான்கு முறை ஆப்பிரிக்கா போய்வந்துவிட்டேன். முதுமலையிலும் கபினியிலும் படம் எடுத்துப் பழகியவன் நான். அங்கே ஒரு நாள் முழுக்கச் சுற்றினாலும் ஒரு புலி வால் கண்ணில் பட்டால் பெரிய விஷயம். அதனாலேயே ஆப்பிரிக்கா என்றதும் "அங்கே என்னென்ன மிருகம் இருக்கிறது?" என்பதை மட்டும் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். இன்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால், முதலில் மூன்று விஷயங்களை விசாரிக்கச் சொல்கிறேன். வண்டி பாதையை விட்டு இறங்க அனுமதி உண்டா? ஒரு மிருகத்தைச் சுற்றி எத்தனை வண்டி நிற்கலாம்? லென்ஸ் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கும்? மிருகங்கள் எல்லா இடத்திலும் இருக்கின்றன. படம் அமைவது இந்த மூன்றில்தான்.

முதல் பயணத்தில் இது எதையும் நான் கேட்கவில்லை. ஏற்பாடு செய்தவர்கள் "எல்லோருக்கும் ஜன்னல் சீட்" என்றார்கள். அது உண்மைதான். ஆனால் மேற்கூரையைத் தூக்கிவிட்டு நின்று எடுக்கும் மினி வேனில் ஆறு பேர். ஒருவர் திரும்பினால் வண்டியே ஆடும். மாரா நதிக்கரையில் வில்டபீஸ்ட் (மாடு போலத் தோன்றும் பெரிய மான்) கூட்டம் இறங்குவதா வேண்டாமா என்று இரண்டு மணி நேரம் நின்றது. முதல் மாடு தண்ணீரில் குதித்த நொடியில் சுற்றிலும் இருந்த வண்டிகள் எல்லாம் கரையை நோக்கிப் பாய்ந்தன. நாங்கள் மூன்றாவது வரிசை. நானூறு படம் எடுத்தேன். பெரும்பாலானவற்றில் ஏதோ ஒரு வண்டியின் கூரையோ, மொபைலைத் தூக்கிப் பிடித்த ஒரு கையோ இருக்கிறது. பத்து மீட்டரில் படுத்திருந்த சிங்கத்தையும் அந்தக் கூரை உயரத்திலிருந்து எடுத்ததால், மாடியிலிருந்து தெருநாயை எடுத்த மாதிரி வந்தது. கண் மட்டத்தில் எடுக்காத படத்தில் மிருகத்தின் கம்பீரம் வருவதே இல்லை.

2017 பிப்ரவரியில் தான்சானியாவின் இண்டுட்டு. செரங்கெட்டியின் தெற்கு ஓரம், ஆனால் அந்தப் பகுதியில் பெரும்பாலான இடம் இங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதிக்குள் வருகிறது. அங்கே பாதையை விட்டு இறங்கலாம். எல்லையைத் தாண்டி தேசியப் பூங்காவுக்குள் போனால் கூடாது. எரிமலைச் சாம்பல் படிந்த மண் என்பதால் அந்தக் குட்டைப் புல்லில் தாதுச் சத்து அதிகம். மழை பெய்து அது துளிர்க்கும்போது வில்டபீஸ்ட் கூட்டம் குட்டி போட அங்கே வந்து சேர்கிறது. இரண்டு மூன்று வாரத்துக்குள் லட்சக்கணக்கான குட்டிகள் பிறந்துவிடும். சிவிங்கிப்புலியும் கழுதைப்புலியும் பின்னாலேயே வரும்.

இந்தப் பயணத்தில் நான் மறக்க முடியாதது வேட்டைக் காட்சி எதுவும் கிடையாது. ஒரு காலையில், பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குட்டி ஒன்று தாயைத் தவறவிட்டு, எங்கள் வண்டியை நோக்கி ஓடிவந்தது. தொப்புள்கொடி இன்னும் காயாமல் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டியின் முன் டயரில் மூக்கை வைத்துத் தேய்த்தது. அசையும் பெரிய உருவம் எதுவானாலும் அந்த வயதில் அதற்குத் தாய்தான். எனக்குக் கைக்கெட்டும் தூரம். தூரத்தில் இருப்பதை எடுக்கும் என் 100-400 எம்எம் லென்ஸில் இவ்வளவு அருகில் ஃபோகஸ்கூட ஆகாது. எங்கள் வழிகாட்டி கேமராவைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, வண்டியை நடை வேகத்தில் கூட்டத்தின் பக்கம் ஓட்டினார். குட்டி பின்னாலேயே ஓடிவந்தது. கூட்டம் நெருங்கியதும் அந்த இரைச்சலைக் கேட்டு விலகி உள்ளே போய்விட்டது. தாயிடம் சேர்ந்ததா, தெரியாது. பாதையை விட்டு இறங்கும் சுதந்திரம் எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். அதற்கப்புறம் எங்கே போனாலும் லாட்ஜைவிட வழிகாட்டியைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்கிறேன்.

கண் மட்டம் என்ற என் ஆசையை நிறைவேற்றியது போட்ஸ்வானாவின் சோபே நதி. 2019 செப்டம்பர். காசானே ஊரிலிருந்து படகில் போகவேண்டும். புகைப்படக்காரர்களுக்கென்றே அமைத்த படகுகள் அங்கே கிடைக்கின்றன. சுழலும் நாற்காலி, அதன் முன்னால் லென்ஸைத் தாங்கும் கிம்பல் தலை. ஆளுக்கு ஒன்று, யார் தோளும் யார் மீதும் படாது. வறட்சிக் காலத்தில் யானைகள் நதியின் நடுவிலிருக்கும் புல் தீவுக்கு நீந்திப் போகின்றன. தும்பிக்கை நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும். அதன் பின்னால் நெற்றி. அதன் பின்னால் தாயின் முதுகில் சாய்ந்தபடி குட்டி. படகோட்டி எஞ்சினை அணைத்துவிட்டுப் படகை மிதக்க விடுவார். மாலை ஐந்தரைக்கு மேல் தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் யானையின் தாடைக்கு அடியில் ஏறி, நிழலே இல்லாமல் செய்துவிடுகிறது. நிலத்தில் எத்தனை நாள் காத்திருந்தாலும் அந்த வெளிச்சம் கிடைக்காது. நதிக்கு மூன்று நாள் போதும். பறவை எடுப்பவர்கள் இன்னும் ஒரு நாள் கூட்டிக்கொள்ளலாம். மீன்கொத்திகள் படகுக்குப் பயப்படுவதே இல்லை.

2022 அக்டோபரில் ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா. லுசாகாவிலிருந்து சிறிய விமானத்தில் ம்ஃபூவே போய் இறங்கவேண்டும். வெயில் நாற்பது டிகிரியைத் தொட்டது. மதியம் முழுக்க ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பூங்காவுக்குள்ளேயே இரவில் வண்டியில் போக அனுமதி இருக்கிறது, சிறுத்தைக்கு இதைவிட நல்ல இடம் நான் பார்க்கவில்லை. என் 100-400 மட்டும் அங்கே தோற்றது. 400-இல் ஒளி நுழையும் துவாரம் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது (இந்த எண் குறையக் குறையத் துவாரம் பெரிது). விளக்கு வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 12800 வரை போயும் படம் மங்கல்தான். இரவுக்கு எஃப்/2.8 லென்ஸ் ஒன்றை வாடகைக்காவது எடுத்துப் போங்கள். பகலில் அந்தக் குறை தெரியவில்லை. ஆற்றங்கரை மண்சுவரில் நூற்றுக்கணக்கான பொந்துகள், அதில் கூடு கட்டும் செந்நிறப் பஞ்சுருட்டான்கள். ஒன்று கிளம்பினால் சுவரே எழுந்து பறப்பது போல இருக்கும். அடர்நீலம், கறுப்பு உடை வேண்டாம், செட்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்கும்.

கடைசியாக 2023 பிப்ரவரியில் மறுபடி கென்யா. முதலில் அம்போசெலி, அப்புறம் மாரா. அம்போசெலியில் வண்டி பாதையை விட்டு இறங்கவே கூடாது. ஆனால் அங்கே அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. கிளிமஞ்சாரோவின் ஊற்றுநீர் தேங்கும் சதுப்புக்கு யானைகள் காலையில் வரிசையாக வந்து, மாலையில் அதே வழியில் திரும்புகின்றன. அவை எந்தப் பாதையைக் கடக்கும் என்று தெரிந்த வழிகாட்டி, அரை மணி நேரம் முன்பே போய் நிறுத்திவிடுவார். 5,895 மீட்டர் மலை பின்னால் நிற்கும்போது 400 எம்எம் எதற்கு? அங்கே என் நல்ல படங்கள் எல்லாம் அகலக் காட்சி தரும் 24-70 லென்ஸில் எடுத்தவை. மலை தெரிவது பெரும்பாலும் விடிந்ததிலிருந்து எட்டரை வரைதான், அதற்குமேல் மேகம் மூடிவிடும். அந்த வருடம் வறட்சி கடுமை. பாதையோரம் வரிக்குதிரை எலும்புக்கூடுகள் கிடந்தன. அவற்றையும் எடுத்தேன். அந்த இடத்தின் உண்மை அதுவும்தான்.

மாராவில் இந்த முறை அரசு காப்பகத்துக்குள் தங்காமல், அதை ஒட்டியுள்ள கன்சர்வன்சி ஒன்றில் நான்கு இரவு தங்கினேன். மசாய் குடும்பங்களின் சொந்த நிலம். குத்தகைப் பணம் மாதாமாதம் அவர்களுக்குப் போகிறது. ஒரு மிருகத்துக்கு ஐந்து வண்டிக்கு மேல் கூடாது, பாதையை விட்டு இறங்கலாம், இரவிலும் போகலாம். பக்கவாட்டில் கதவே இல்லாத வண்டி. வண்டியின் தரையிலேயே பீன் பேக்கை (லென்ஸைத் தாங்கும் பை) வைத்துப் படுத்துக்கொண்டு, ஒரு சிவிங்கிப்புலியையும் அதன் மூன்று குட்டிகளையும் நான்கு மணி நேரம் எடுத்தேன். ஒன்பது வருடம் முன்பு அதே புல்வெளியில் நானூறு படத்தில் கிடைக்காதது, அந்த ஒரு காலையில் கிடைத்தது. செலவு கூடுதல்தான். எட்டு நாளுக்குப் பதில் ஐந்து நாள் போனாலும் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

செலவுக் கணக்குப் போடுகிறவர்களுக்கு: 2024-இலிருந்து மாரா காப்பகத்தின் நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு ஒரு நாளுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். கென்யாவுக்கு விசாவுக்குப் பதிலாக இப்போது ஆன்லைனில் இ-டிஏ (மின்னணுப் பயண அனுமதி) எடுக்கவேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்பு போட்டுக்கொள்ளுங்கள். சென்னைக்காரர்களுக்கு கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் நம் விமான நிலையத்தில் தனிமைப்படுத்திவிடுவார்கள். நைரோபியிலிருந்து மாராவுக்குப் போகும் சிறிய விமானங்களில் கைப்பையையும் சேர்த்து 15 கிலோதான், அதுவும் மடங்கும் துணிப்பையாக இருக்கவேண்டும். பீன் பேக்கைக் காலியாகக் கொண்டுபோய், அங்கே கடையில் அரிசி வாங்கி நிரப்பிக்கொள்வேன். கிளம்பும் நாளில் அந்த அரிசியை முகாம் சமையற்காரரிடம் கொடுத்துவிடுவது வழக்கம்.

அடுத்த திட்டம் நமீபியாவின் எடோஷா பூங்கா. அங்கே வண்டியை நாமே ஓட்டலாம், பாதையை விட்டு இறங்க முடியாது. ஆனால் ஒகாகுவேயோ முகாமில் விளக்கு போட்ட நீர்நிலை ஒன்று இருக்கிறது. ராத்திரி முழுக்கச் சுவரோரம் உட்கார்ந்திருந்தால் காண்டாமிருகம் தானாகத் தண்ணீர் குடிக்க வரும். எஃப்/2.8 லென்ஸ் ஒன்றுக்கு இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.